ஆவுடையப்பன் காய்ந்திருந்த காலம்

மேலக்கரிசலுக்கு மழை வழி மறந்துபோயிருந்த காலத்தில், கிணறுகளெல்லாம் அடிப்பாறையைக் காட்டிக்கொண்டு கிடந்த காலத்தில், கொம்பையாவின் மாமியார் ஒரு மத்தியானம் துவைகல்லுக்குப் பக்கத்தில், பாசி கறுத்துப் பொரிந்துபோயிருந்த சுவரின் நிழலில் உட்கார்ந்து, "இந்தத் தாகத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது, கொஞ்சம் அடங்கிப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, முதலில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார், பிறகு கைகளை, பிறகு தலையை. சாயங்காலம் பார்த்தபோது பரங்கிக்காய் அளவுக்கு வந்திருந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் இன்னும் அடங்கி அடங்கி, தோல் மடிப்பு மடிப்பாக உள்வாங்கி, நல்ல சுக்குத் துண்டைப் போல லேசாகி, உரித்த தேங்காய் அளவுக்கு வந்ததும் அதற்கு மேல் சுருங்க இடமில்லாமல் நின்றுவிட்டார்.

பார்க்க வந்த டாக்டர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், முகர்ந்தார். "நாடி இல்ல. ஆனா நாத்தமும் இல்ல. நான் என்னன்னு எழுதிக் கொடுக்க?" என்று கொம்பையாவிடமே கேட்டுவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். கொம்பையா மாமியாரை முறத்தில் வைத்து பரணில் ஏற்றினான். வழி தப்பி வந்த ஒற்றை மேகம் ஒருநாள் அந்தப் பக்கமாகத் தூறிவிட்டுப் போனபோது, உடைந்த ஓட்டின் வழியாக முறத்தில் நீர் சொட்டி, அந்த அம்மாள் ஊறி, உப்பி, ஒவ்வொரு காலாக வெளியே நீட்டி, பரணிலிருந்தபடியே, "காப்பி போட்டாச்சா?" என்று கேட்டார்.

இதில் யாரும் அதிசயப்படவில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதிசயப்பட நேரம் ஏது? எப்படி என்றுதான் கேட்டார்கள். எப்படி என்று கொம்பையாவின் மாமியாரும் சொன்னார்: மூச்சை விட வேண்டும், விட்டதைத் திரும்ப வாங்கக் கூடாது, மற்றது தானாக நடக்கும். கோடை முற்றுவதற்குள் களத்துத் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் சுக்காகியிருந்தார்கள். அதைச் சுக்காகுதல் என்றுதான் சொன்னார்கள். "உங்க மாமா எங்க?" "அவுக போன வெள்ளிக்கிழமையே சுக்காயிட்டாகளே."

சுக்காவதற்கு முறைகள் உண்டாயின. வெயிலில் காயக் கூடாது. மிளகாய் விளைகிற ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, விதைக்கு வைக்கிற மிளகாயை நிழலில்தான் காயப்போடுவார்கள், வெயில் மிஞ்சினால் வற்றல் வெளுத்துப்போகும், அப்படி வெளுத்ததற்குச் சண்டு என்று பெயர், அது முளைக்காது. ஆகையால் இருட்டறையில், சாக்கு விரித்து, மூலையில் ஈரமணல் சட்டி வைத்து, ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நிதானமாகக் காய வேண்டும், ஒற்றையாகக் காயக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு ஒருவர் முழித்திருக்க வேண்டும். அவருக்கு நனைக்கிற ஆள் என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்கள், படிப்பைக் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல யாரு நனைக்கிற ஆளு?" என்று கேட்டார்கள்.

பஸ் கண்டக்டர், மடியில் வைத்தால் டிக்கெட் இல்லை, மேலே தட்டில் வைத்தால் லக்கேஜ் என்று தீர்த்துச் சொன்னார். தேர்தல் வந்தபோது வாக்குச்சாவடி அதிகாரி, "விரல் உள்ள இருக்கு, மையை நான் எங்க வைக்க?" என்று வருத்தப்பட்டார். கீழத்தெருக்காரர்கள் சுக்கானால் முதுகில் செம்மண் நிறத்தில் தகடு தகடாக எழும்பியது, களத்துத் தெருக்காரர்களுக்கு வழுவழுவென்று பீப்பாய் போலிருந்தது, கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு என்ன முயன்றாலும் குதிகால் மட்டும் உள்ளே போகவில்லை. டீக்கடைக்காரர் சுக்காகிக் கிடந்தபோது ஓர் ஆடு வந்து நக்கிவிட்டது. நக்கிய இடம் ஊறி இடதுகை மட்டும் வெளியே வந்து, திரும்பக் காய்கிற வரைக்கும் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தது. பின்னாளில் அவர் எழுந்த பிறகும் அந்தக் கை மற்றக் கையைவிட மூத்தது என்று சொல்லி, கனமான வேலைக்கு அதை விடுவதில்லை.

களத்துத் தெருவில் கடைசி வரைக்கும் யாரும் சுக்காகாத வீடு உலகம்மாவுடையது. இருந்ததே இருவர், அவளும் அவள் புருஷன் ஆவுடையப்பனும். இருவருக்கும் மிளகாய்க் களத்தில் வேலை. அவள் காம்பு கிள்ளுவாள், அவர் காவல் இருப்பார். இருவரில் யார் அடங்குவது, யார் நனைக்கிற ஆள் என்று தை மாதம் தொடங்கிய சண்டை சித்திரையிலும் முடியவில்லை. முழித்திருக்கிறவருக்குத்தான் தாகம், அடங்கினவருக்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை மற்றவர் வாயில் ஊட்டிவிடப் பார்த்தார்கள் இருவரும், ஆனால் வாயைத் திறந்தால் வேறு மாதிரித்தான் வந்தது.

"ஒரு குடத்தை ரெண்டு பேரு குடிச்சா ரெண்டு பேருக்கும் தாகம்தான் மிச்சம். ஒருத்தரு அடங்குங்கன்னா கேக்கீகளா?"

"நீ அடங்கேன்."

"நான் அடங்கினா? என்னை நனைக்கணும்ங்கிற ஞாபகம் உங்களுக்கு டீக்கடையில வச்சு வரும், திரும்ப வீடு வாரதுக்குள்ள மறந்துபோகும். நான் அடுத்த தலைமுறைக்குத்தான் எந்திரிக்கணும்."

"அப்ப நானே போய்ச் சுக்காயிருதேன், போ."

"போங்க. எனக்கு ஒரு குடம் மிச்சம்."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. உலகம்மா கைக்குக் கிடைத்த இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஒன்று எவர்சில்வர், ஒன்று பச்சைப் பிளாஸ்டிக். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏளா உலகம்மா, அந்த..."

"வந்து கேக்கேன்!" என்று திரும்பாமலே கத்திவிட்டுப் போனாள்.

வரிசையில் இடிபட்டு, மிதிபட்டு, ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து ஒருத்தியிடம் தன் தலைமுடியைக் கொடுத்து, இரண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டு அவள் திரும்பி வரும்போது இடுப்பெல்லாம் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். புழுதியில் புள்ளி வைத்த மாதிரி அவள் வந்த வழியெல்லாம் நீர்ச்சொட்டு. சிட்டுக்குருவிகள் வரிசையாக வந்து ஒவ்வொரு புள்ளியாகக் கொத்திக்கொண்டிருந்தன. பச்சைக் குடத்தின் அடியில் ஊசிமுனை ஓட்டை. வீடு சேரும்போது குடத்தில் பாதிதான் இருந்தது, அந்தப் பாதிக்கும் சேர்த்து யாரையாவது திட்ட வேண்டும் என்று, "எங்க இருக்கீக?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள்.

வீட்டில் ஆள் இல்லை. களத்தில், உச்சிப்பொழுது உருமத்தில், காய்கிற மிளகாய்க்கு நடுவில், அவர் வேட்டி விரித்தபடி கிடந்தது, அதன்மேல் சட்டை. சட்டைக்குள் ஆவுடையப்பன் இருந்தார். நாள்கணக்காக நிழலில் நிதானமாக நடக்க வேண்டியது ஒரு மத்தியானத்தில், நெருப்பாகக் கொதித்த வெயிலில், ஒற்றையாக நடந்துமுடிந்திருந்தது. கோபக்காரர் மூச்சை விட்டிருக்கிறார், திரும்ப வாங்கவில்லை. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஓடிவந்து பார்த்தாள், கையில் வாங்கினாள், மடிப்புகளில் அப்பியிருந்த மிளகாய்த் தூசி மூக்கில் ஏறி அடுக்குத் தும்மலாகத் தும்மினாள், தும்மி முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மதினி, முதுகுல வெளுத்திருக்கே..." என்றாள். சண்டு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. உலகம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

மழை வந்தது. வரும்போது முன்கூட்டியே சொல்லாமல், வந்தபின் போவதைப் பற்றியும் பேசாமல், ஐப்பசி முழுக்கப் பெய்தது. களத்துத் தெருவே பாயையும் சாக்கையும் கொண்டுவந்து தாழ்வாரத்து ஓரங்களில் விரித்தது, ஓட்டுநீர் சொட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு சுக்கு வைத்தார்கள், வாசல் தோறும் ஒரு விரல் நீண்டது, ஒரு முழங்கால் நிமிர்ந்தது, கொட்டாவிகள் கேட்டன, எழுந்தவர்கள் எழாதவர்களைத் தேடினார்கள், நனைக்கிற ஆட்கள் துண்டும் வேட்டியும் சேலையுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். சுவரில் கருகிக் கிடந்த பாசிகூட ஒரு பகலுக்குள் வெல்வெட்டாகப் பச்சை விரித்தது. உலகம்மா தன் வீட்டு நடைப்படிக்கு உள்ளே, முறத்தில் ஆவுடையப்பனை ஏந்திக்கொண்டு நின்றாள். படியைத் தாண்டவில்லை.

"நனைச்சுப் பாருங்க மதினி."

"நனைச்சு எந்திரிக்கலைன்னா?"

"எந்திரிக்கலைன்னா..." முத்துப்பேச்சி தடுமாறினாள். பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், "எந்திரிக்கலைன்னா எடுத்துற வேண்டியதுதான்" என்றது. உலகம்மா கதவைச் சாத்தினாள்.

அவள் கணக்கு எளிமையானது. காய்ந்திருக்கிற வரைக்கும் அவர் செத்தவர் இல்லை. நனைத்தால் இரண்டில் ஒன்று தெரிந்துபோகும். தெரியாதிருக்கிற புருஷனோடு ஒரு வீட்டில் இருக்கலாம். அவரைப் பித்தளை அண்டாவுக்குள் வேப்பிலை போட்டு வைத்தாள், வெள்ளிக்கிழமை தோறும் அவர் வேட்டியைத் துவைத்து மடித்து அண்டாவின் மேல் வைத்தாள், பூ வைத்துக்கொண்டாள். காம்பு கிள்ளிவிட்டு வந்து அவரோடு பழைய சண்டையையே போட்டாள், அவர் பக்கத்துப் பேச்சையும் அவளே பேசினாள். ஆனால் ஓர் இடத்துக்கு வந்தால் சண்டை நின்றுவிடும். "ஏளா உலகம்மா, அந்த..." அதற்கப்புறம் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் உதவிக்கு வந்தது. அந்த நிலத்துப் பத்திரம் என்று சொல்ல வந்திருப்பார் என்றார்கள். அவர்களுக்கு நிலம் கிடையாது. அந்தப் பருத்திக்கொட்டை மில்லில் வேலைபார்த்த சிறுக்கி என்று சொல்ல வந்திருப்பார் என்று ஒருத்தி சொன்னாள், அதன்பிறகு அந்த ஒருத்தி வீட்டு வாசலில் உலகம்மா கோலத்தைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போனாள். அந்த மழை வராது, அந்த எமன் வருவான், அந்த ஆட்டைக் கட்டு, இப்படி டீக்கடையில் ஆளுக்கொன்றாக முடித்துப் பார்த்தார்கள். உலகம்மா எல்லாவற்றையும் அவர் குரலில் சொல்லிப் பார்ப்பாள். எதுவும் பொருந்தாது.

வருஷங்கள் போயின. சுவரில் பாசி கறுத்தது, பச்சையானது, கறுத்தது, பச்சையானது. உலகம்மாவின் தலையில் முன்வகிடு நரைத்தது, பிறகு காதோரம், பிறகு கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மழை தவறாமல் பெய்தது. யாருக்கும் சுக்காகத் தேவை இல்லாமல் போயிற்று. அந்தக் கோடையில் தொட்டிலில் கிடந்தவர்கள் மீசை வைத்துக்கொண்டு, அதெல்லாம் கதை என்றார்கள். கதை இல்லை என்று காட்ட ஊரில் மிஞ்சியிருந்தது அண்டாவுக்குள் ஆவுடையப்பன் மட்டும்தான்.

அப்போதுதான் கொம்பையா, கோயில் கமிட்டித் தலைவராகியிருந்தவர், கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டார்.

"அம்புட்டுப் பெரிய பஞ்சம் எங்கதான் போச்சு? நம்மளை எல்லாம் நனைச்சாக, நமக்குள்ள இருந்தது கரைஞ்சு போச்சு. நனையாதது ஒரே ஆளு. மிச்சப் பஞ்சம் பூரா அவருக்குள்ளதான் மடங்கிக் கிடக்கு. அவரு காயுற வரைக்கும் ஊரு நனையும்."

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அது சரியாக இருந்தது. மறுநாளே உலகம்மா வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், ஒரு சொட்டும் ஒழுகாமல். அண்டா இருந்த மூலையில் சிமென்ட் மேடை கட்டினார்கள். அபிஷேகம் இல்லாத சாமி ஊருக்கு அவர் ஒருவர்தான், பொட்டுக்கடலையும் வற்றலும் படைத்தார்கள், கும்பிட வருகிறவர்கள் வாசலில் கையைத் துடைத்துவிட்டு வந்தார்கள். அழ வந்தவர்கள் வெளியிலேயே அழுதுமுடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"பெரிய மனசு பண்ணுங்க மதினி" என்றார் கொம்பையா. "எந்தக் காலத்துலயும் நனைச்சிராதீக. ஊருக்காக."

"ஊருக்காக என் வீட்டுக்காரரு காய்ஞ்சு கெடக்கணுமோ?"

"காய்ஞ்சு கெடக்கிறவருக்கு என்ன மதினி கஷ்டம்?"

உலகம்மாவுக்குக் கோபம் வந்தது, கூடவே நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதும் தெரிந்தது. வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டது. இனி அவள் முடிவெடுக்க வேண்டியதில்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ரூபவதி டீச்சர். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவர், உலகம்மாவைவிட ஒன்றிரண்டு வயது இளையவர், பஞ்சத்து வருஷத்தில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து அப்படியே தங்கிவிட்டவர். கும்பிட வரமாட்டார், பார்க்க வருவார். போகும்போது சுவரில் ஒரு துண்டுப் பாசியைச் சுரண்டிக் கவரில் போட்டுக்கொண்டு போவார். வருஷம் தவறாமல் அதைச் செய்தார். ஒரு சனிக்கிழமை காலையில், "உலகம்மாக்கா, ஸ்கூல் வரைக்கும் வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஆள் இல்லாத பள்ளிக்கூடத்தில், ஸ்பிரிட் மணக்கிற அறையில், உலகம்மா முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். முதலில் தன் கண்ணிமையைத்தான் பார்த்தாள். பிறகு வெளிச்சம் வட்டமாகத் திரண்டது, வட்டத்துக்குள் பாசியின் இலைகள் பெரிய வாழைத்தோப்பாக நின்றன, அந்தத் தோப்புக்குள், நீருக்குள், தடித்த உருவம் ஒன்று எட்டுக் காலையும் வைத்து வைத்து நடந்து வந்தது. ஒவ்வொரு காலிலும் நகம். அவசரமே இல்லாத நடை. சந்தைக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஆள் நடக்கிற மாதிரி.

"இது யாரு?"

"நீர்க்கரடி. உங்க சுவத்துல இருந்து எடுத்ததுதான்."

"கரடின்னா மயிரு இருக்கணுமே?"

"நடையைப் பாத்து வச்ச பேரு. இமயமலைப் பனியிலயும் இருக்கு, கடலுக்கு அடியிலயும் இருக்கு, உங்க வீட்டு ஓட்டுமேல ஒரு சின்ன ஊரே இருக்கும். ஆயிரத்துக்கு மேல வகை. இது வழவழப்பு. இந்தா, இது பாருங்க, சிவப்பா, முதுகுல தகடு வச்சது."

"கீழத்தெரு" என்றாள் உலகம்மா, கண்ணை எடுக்காமல்.

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சொல்லிக்கொண்டே போனார், அந்த வாய்க்குள் இரண்டு ஊசி இருக்கிறது, பாசியின் உடம்பைக் குத்திச் சாறு குடிக்கும், சில வகை தன் இனத்தையே பிடித்துத் தின்னும், ஒரு வகை சட்டையை உரித்துப்போட்டு அதற்குள் முட்டையை வைத்துவிட்டு நடையைக் கட்டும். பாசி காய ஆரம்பித்தால் காலை இழுத்துக்கொள்ளும், பீப்பாயாகும், மூச்சு இல்லை, வயசு ஏறாது, எத்தனை வருஷமானாலும் கிடக்கும்.

"நிதானமாக் காயணுமோ?"

"ஆமா. சட்டுனு காஞ்சா பெரும்பாலும் பிழைக்காது."

உலகம்மா அந்த வட்டத்தையே பார்த்தாள். பிறகு, "இதுகளுக்கு யாரு நனைக்கிற ஆளு?" என்று கேட்டாள்.

"மழைதான்."

"வேற ஆளு கிடையாதா?"

"கிடையாது."

"பாவம்" என்றாள் உலகம்மா.

டீச்சர் அலமாரியைத் திறந்து பழைய கவர்களை எடுத்தார். போன வருஷத்துப் பாசியில் ஒரு சொட்டு நீர் விட்டுக் காத்திருந்தார்கள், கிட்டத்தட்ட எல்லாம் கால் நீட்டி எழுந்து நடந்தன. அதற்கும் முந்தைய பாசியில் பாதி எழுந்தன. இன்னும் முந்தையதில் அங்கொன்று இங்கொன்று. கடைசியாகப் பஞ்சத்து வருஷத்துக் கவர், காகிதமே பழுத்திருந்தது. நீர் விட்டார்கள். பீப்பாய்கள் ஊறின, உப்பின, அசையவில்லை. இருவரும் டிபன்பாக்ஸைப் பிரித்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள், வந்து பார்த்தார்கள். அசையவில்லை.

"வயசாகாதுன்னீங்களே டீச்சர்."

"வயசாகாதுக்கா. ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உதிரும். பூட்டி வச்சா அப்படியே இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்." ரூபவதி டீச்சர் கவரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "காயுறதும் ஒரு செலவுதான்னு தெரியாமப் போச்சு. இதை உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல."

உலகம்மா மறுபடி குனிந்தாள். அழுகை வந்தது, கண்ணாடியில் விழாமல் துடைத்துக்கொண்டாள். வட்டத்தின் ஓரத்தில், எல்லாம் செத்துக் கிடந்த அந்தத் தோப்பில், ஒன்று மட்டும், சட்டைக் கைக்குள் கையை நுழைக்கிறவர் துழாவுகிற மாதிரி, பின்காலைத் துழாவித் துழாவி வெளியே எடுத்தது. நகத்தால் இலையைப் பிடித்தது. நின்றது. எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற மாதிரி அங்கேயே நின்றது.

"ஒண்ணு" என்றாள் உலகம்மா.

வாசல்வரை வந்து டீச்சர் சொன்னார்: "ஒரேயடியாத் தண்ணியில முக்கிராதீங்கக்கா. பாசி நனையுற மாதிரி நனைங்க. சொட்டுச் சொட்டா."

அவள் அன்றைக்கே செய்திருப்பாள். ஆனால் வீட்டில் சொட்டுச் சொட்டாக விட என்ன இருக்கிறது என்று தேடியபோது, பரணில் உளுந்து போட்டு வைத்திருந்த பச்சைக் குடத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கையில் எடுத்து அடியைத் தடவி, அப்படியே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை, அடைமழையில், உத்தரத்தில் கயிறு கட்டிக் குடத்தைத் தொங்கவிட்டாள். கோயிலில் லிங்கத்துக்கு மேல் தொங்குமே, அது மாதிரி. கீழே பாயை விரித்தாள், பாயில் சாக்கு, சாக்கில் ஆவுடையப்பன். குடத்தில் மழைத் தண்ணீரை ஊற்றினாள்.

முதல் சொட்டு விழுவதற்குள் வாசலில் குடைகள் கூடிவிட்டன. களத்துத் தெரு, கீழத்தெரு, மீசைக்காரப் பையன்கள், எல்லோரும். கொம்பையா குடையை மடக்கக்கூட மறந்து நடைக்குள் நுழைந்து நிலையில் முட்டிக்கொண்டு நின்றார்.

"மதினி, பஞ்சத்தைத் தொறந்துவிட்டுறாதீக! பிள்ளைகுட்டிக்காரங்க நாங்க!"

உலகம்மா குடத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை. "வந்தா வரட்டும். வந்தா நீங்க அம்புட்டுப் பேரும் சுக்காகுங்க. நான் முழிச்சிருக்கேன். ஒருத்தர் பாக்கியில்லாம நனைச்சு எழுப்பிவிடுதேன். ஊருக்கே நான் நனைக்கிற ஆளு, போதுமா?"

கொம்பையாவின் மாமியார், சுக்காகிக் கிடந்த காலமெல்லாம் வயசு ஏறாமல் மிச்சம் பிடித்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னை எழுப்பும்போது காப்பியும் வேணும்" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "குடையை மடக்குங்க மாப்ள, ஈரம் சொட்டுது" என்றார். கொம்பையா மடக்கினார்.

சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுந்தது. ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் நடுவில் ஊரே மூச்சு விட்டது, ஒருசிலர் விட்டதை வாங்க யோசித்தார்கள். மடிப்புகளிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் இறங்கியது, யாரோ ஐயோ என்றார்கள், "மிளகாய்த் தூசி" என்றாள் முத்துப்பேச்சி. காலை மத்தியானமாகிற வரைக்கும் அவர் ஊறினார். உப்பினார். தோள் வந்தது, முதுகு வந்தது, முதுகில் அந்த வெளுத்த இடம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. கால் தானாக நீளவில்லை, ஊறிய கனத்தில் சரிந்து விழுந்தது. உலகம்மா துவைத்து மடித்த வேட்டியை எடுத்துப் போர்த்தினாள். பாயில் முழு ஆளாக, சுக்கான அன்றைய வயசோடு, அன்றைக்குச் சவரம் செய்த முகத்தோடு, ஆவுடையப்பன் அசையாமல் கிடந்தார்.

நேரம் போயிற்று. நெஞ்சு எழும்பவில்லை. பின்வரிசையில் ஒருவர் தலைத்துண்டை எடுத்தார், அவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்தார்கள். பழைய அந்த ஆண்குரல், இந்தத் தடவை மிகவும் தணிந்து, "எடுத்துருவோமா" என்றது. உலகம்மா யாரையும் பார்க்கவில்லை. இலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். குடம் காலியாகிக்கொண்டிருந்தது. வாளியிலிருந்து இன்னும் ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் குடம் லேசாக ஆடியது, ஆடியதில் சொட்டு இடம் மாறி, நெற்றியில் விழ வேண்டியது மூக்குநுனியில் விழுந்தது, அத்தனை வருஷம் மூக்குக்குள் அடைந்துகிடந்த மிளகாய்த் தூசியைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

ஆவுடையப்பன் தும்மினார்.

வீட்டுக் கூரையில் ஒதுங்கியிருந்த புறாக்கள் மழையென்றும் பாராமல் பறந்தன. கொம்பையாவின் கையிலிருந்த குடை தானாக விரிந்துகொண்டது. ஆவுடையப்பன் இரண்டாவதும் தும்மினார், மூன்றாவதையும் தும்மி முடித்து, கண்ணைத் திறந்து, நரைத்த தலையோடு தன்மேல் குனிந்திருந்தவளை ஒரு கணம் யாரென்று பார்த்தார். பார்வை அவளைத் தாண்டி மேலே போயிற்று. உத்தரத்தில் ஆடுகிற குடத்தில் நின்றது. முகம் பழைய கோபத்துக்குத் திரும்பியது.

"...அந்தப் பச்சைக் குடம் ஓட்டை, அதைக் கொண்டுபோகாதேன்னு கத்துனேன்ல. காதுல விழலையா?"

உலகம்மா வாயைத் திறந்தாள்.

"வந்து கேக்கேன்னு சொன்னேன்ல" என்றாள். "வந்துட்டேன்."

வெளியே ஓட்டுநீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது, தெரு வாய்க்காலாகிக் களத்தைப் பார்த்து ஓடியது, சுவரில் பாசி பருத்துப் பச்சையாகி, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அத்தனையும் எட்டுக் காலையும் எடுத்துவைத்து நடந்துகொண்டிருந்தன. ஆவுடையப்பனுக்கு அதெல்லாம் இன்னும் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் அந்தச் சித்திரை மாதம்தான். கையைப் பாயிலிருந்து மெல்லத் தூக்கி, எட்டி, குடத்தின் அடியில் இருந்த ஊசிமுனை ஓட்டையைத் தேடிப் பெருவிரலால் அடைத்துக்கொண்டார்.

"எம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது" என்றார். "பாத்துக்கிட்டே நிக்கியே."

அவள் அந்தக் கை வலிக்காமல் இருக்க, முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.